அக்கா தந்த குடைக்கோரை

மே 20, 2009. புதன்.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை ஏழு மணிக்கே அனல். இன்றைக்கு அரச விடுமுறை. சந்தியில் இன்னும் வெடி கொளுத்துகிறார்கள். சண்டை முடிந்துவிட்டதாம். வானொலியை நிறுத்தினேன். அதைப்பற்றிக் கொப்பியில் எழுதவும் பயம். அதனால் தோட்டம் மட்டும்.

குடைக்கோரை: நுனியெல்லாம் கருகல். பதினேழு தண்டு பழுப்பு. அடியோடு வெட்டியாயிற்று. தொட்டியில் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருக்கிறது, நேற்றுத்தான் நிரப்பினேன். கிணற்றுத் தண்ணீர் உவர். பைப் தண்ணீர் ஒரு நாள் வைத்து ஆறவிட்டு ஊற்ற வேண்டும். ஊற்றினாலும் பழுக்கிறது. என்னதான் வேண்டுமாம் இதற்கு?

அக்கா தந்தது. 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வருவதற்கு முதல் நாள் தந்தது. அக்கா, அத்தான், நாவலடி வீடு, எல்லாம் போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. போட்டோ ஒன்று இருக்கிறது, என் கல்யாணத்தில் எடுத்தது, அதில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். மிச்சம் இந்தக் கோரைதான். இதையெல்லாம் எனக்கு நானே எழுதிக்காட்டத் தேவையில்லை. எழுதிவிட்டேன்.

மே 23, சனி.

மகள் சுபாவின் கல்யாண வேலைகள்:
- வேலி, தெருப் பக்கம் முழுக்க
- கிணற்றடிச் சீமெந்து வெடிப்பு
- பந்தல் கம்பு (தவராசா பார்க்கிறேன் என்றான்)
- பின்பக்க அறைக்குக் கதவு
- வீட்டு உறுதிப் பத்திரம்

பின்பக்க அறை எனக்கு. நம் ஊர் வழக்கம், வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அம்மா எனக்கு எழுதியது, நான் சுபாவுக்கு எழுதுகிறேன். சுபாவின் அப்பா போய் ஒன்பது வருடம், கையெழுத்து நான் ஒருத்திதான். நொத்தாரிசு தந்த நாள் யூன் 12, வெள்ளி. உறுதி முடிந்தால்தான் தாலி. ஆனிக்குள் முடிக்கவேண்டும். ஆடி பிறந்தால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

மாப்பிள்ளை தவராசா, கரடியனாறு. வயல்காரன். தகப்பன் இல்லை, தாய் இருக்கிறார். நல்ல பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கிறான். குறை சொல்ல ஒன்றும் இல்லாதவர்களோடு பழகுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

பக்கத்து வீட்டு ஆடு கோரையில் ஏழு தண்டு தின்றது. உலகத்தில் வேறு புல்லே இல்லை.

மே 28, வியாழன்.

ஒபிஸில் நாள் முழுக்க ஒரே சுற்றறிக்கை. மீளக் குடியேறிய விவசாயிகளுக்கு. தலைப்பு: கோரையை அடியோடு ஒழிப்பது எப்படி. நாலு பக்கம். நான்தான் டைப் அடித்தேன். கமநல சேவை நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்துவிட்டு வீட்டில் கோரைக்கு வாளி வாளியாகத் தண்ணீர்.

அடுத்த மேசை நசீர், ஏறாவூர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

“மிஸ், நீங்க வீட்ட கோரை வளக்கிற எண்டு கேள்விப்பட்டன், மெய்யா?”

“அது வேற கோரை.”

“கோரையில என்ன மிஸ் வேற கோரை? நம்மட ஒபிஸ்ல சம்பளமும் எடுத்துக்கிட்டு!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து எரிச்சல்.

அது வேறுதான். வயல் கோரை கிழங்கு வைத்துப் பரவும், சாகவே சாகாது. இது ஆள் மார்பளவு வளர்ந்து, உச்சியில் குடை விரித்த மாதிரி இலை. அழகுக்கு வைப்பது. தண்ணீர் வற்றினால் இரண்டு நாளில் சுருண்டுவிடும். வேண்டாத கோரைக்கு ஆயுசு கெட்டி, வேண்டியதற்கு இல்லை.

யூன் 2, செவ்வாய்.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். டெங்கு. தொட்டியைப் பார்த்தவுடன் முகம் மாறிவிட்டது. தேங்கிய தண்ணீர் வைக்கக்கூடாதாம், கவிழ்க்கச் சொன்னார். சீமெந்துத் தொட்டி, எட்டுப் பேர் சேர்ந்தாலும் அசையாது. அதைச் சொன்னேன். “அப்ப புல்லப் புடுங்கி மண்ணப் போட்டு மூடுங்க.” மீன் விடுகிறேன் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். வெள்ளி திரும்ப வருவாராம்.

மீன்குஞ்சு பன்னிரண்டு. காகம் இரண்டைக் கொண்டுபோனது. வலை போட்டேன். வலையில் தண்டு இரண்டு முறிந்தது.

காலில் ஆணி. வலிக்கிறது.

யூன் 5, வெள்ளி.

பரிசோதகர் வரவில்லை. தவராசா வந்தான், பந்தலுக்கு அளவு எடுக்க. வெயிலில் முகம் கறுத்துப் போயிருக்கிறது. வட்டையில் வேலையாம். வயல்வெளியைப் பற்றித் தொடங்கினால் அவனுக்கு வாய் மூடாது, மற்ற நேரம் பேச்சே இல்லை.

“ரெண்டு வருசம் முகாமில இரிந்திட்டுப் போய்ப் பாத்தா வட்டையக் காணல்ல மாமி. கோரைதான் நிக்கி. வரம்பு எது, வயல் எது எண்டு விளங்கல்ல.”

“உழுது விட்டா என்ன?”

“உழுதா இன்னும் கூடும். ஒவ்வொரு கிழங்காக் கிண்டி, அரிச்சு, வெயிலில காயப்போட்டு நெருப்பு வைக்கோணும். அப்பவும் வரும். கனவிலயும் கோரைதான் வருகுது மாமி, பொய்யில்ல.”

கையைக் காட்டினான். விரல் இடுக்கெல்லாம் வெட்டு.

போகும்போது கிணற்றடியில் நின்று தொட்டியைப் பார்த்தான். “இஞ்சயும் வந்திட்டா இது?” என்று கேட்டான். விளக்கம் சொல்ல அலுப்பு. அக்காவில் தொடங்கவேண்டும், தொடங்கினால் எங்கே முடிப்பது. தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விட்டேன்.

யூன் 8, திங்கள்.

கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு. நானும் சுபாவும் விடியவே போனோம். சரியான சனம். இந்த முறை வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். குளிர்த்தித் தண்ணீர் முகத்தில் பட்டபோது நன்றாக இருந்தது. அக்கா பெயரில் அர்ச்சனை செய்ய நினைத்து, செய்யாமல் வந்தேன். இருக்கிறவர்களுக்குச் செய்வது அது.

வீட்டுக்கு வந்தால் தொட்டி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. சுண்ணாம்பு அடித்து. உள்ளே ஒன்றும் இல்லை.

தவராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் சேறு, முகம் முழுக்கச் சந்தோசம்.

“பாத்தீங்களா மாமி? ஒரு வேர் விடல்ல. கிண்டி, அரிச்சு, நெருப்பும் வெச்சிட்டன். கலியாண வீட்டுக்கு ஆக்கள் வாற நேரம் தொட்டிக்குள்ள கோரை நிண்டா என்ன நினைப்பாங்க?”

வேலியோரம் சாம்பல். இன்னும் புகை. மீன் பத்தையும் வாளியில் விட்டு நிழலில் வைத்திருந்தான். மீனை யோசித்திருக்கிறான்.

சுபா என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன்? “சாப்பிட்டீங்களா தம்பி?” என்று கேட்டேன். சோறு போட்டேன். மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவன் போன பிறகு சாம்பலைக் கிண்டினேன். கை சுட்டது. விரல் நீளத்தில் வேர்த்துண்டு ஒன்று, ஒரு பக்கம் பச்சை. போத்தலில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறேன்.

யூன் 9, செவ்வாய்.

லீவு. தலையிடி என்று சொல்லி அனுப்பினேன்.

போத்தலில் மாற்றம் இல்லை.

அவன் மேல் கோபம். அவன் செய்ததில் பிழை இல்லை என்று தெரிந்தும் கோபம். வயல்காரன் வேறு என்ன செய்வான்? கோரையைக் கண்டால் பிடுங்கத்தான் செய்வான். நாலு பக்கம் டைப் அடித்தவள் நான், அதில் இருந்ததையே ஒன்று விடாமல் செய்திருக்கிறான். அதனால் இன்னும் கோபம்.

யூன் 11, வியாழன்.

வேர் அழுகிவிட்டது. மணக்கிறது. எறிந்தேன்.

காத்தான்குடியில் பூக்கன்றுக் கடை இரண்டிலும் கேட்டேன். ஒருவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மற்றவர் நல்ல மனுசன், கொப்பியில் படம் கீறிக்காட்டச் சொன்னார். கீறினேன். “இது முந்தி நாவலடிப் பக்கம் வீடுகள்ல நிண்ட. கடலுக்குப் புறகு நான் காணல்ல” என்றார். அரளிக் கன்று ஒன்றை இலவசமாகத் தந்தார். என்னத்துக்கு எனக்கு அரளி.

யூன் 12, வெள்ளி.

நொத்தாரிசிடம் போகவில்லை. சேலை உடுத்தேன், அடையாள அட்டை எடுத்தேன், பழைய உறுதியை எடுத்தேன், கதிரையில் இருந்தேன். எழும்ப மனம் வரவில்லை. காய்ச்சல் என்று சுபாவிடம் சொன்னேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அங்கே தவராசாவும் தாயும் பதினொரு மணி வரை காத்திருந்தார்களாம்.

யூன் 14, ஞாயிறு.

தவராசாவின் தாய் வந்தார். தனியாக, இரண்டு பஸ் மாறி. கையில் கட்டித்தயிர் ஒரு சட்டி. காய்ச்சல் எப்படி என்று கேட்டார், நான் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

“மச்சாள், மனசில ஏதும் இரிந்தா நேராச் சொல்லுங்க. எங்கட வயல் வெளியாக் கிடக்கு, வீடு வாசல் உடைஞ்சி கிடக்கு, அது தெரிஞ்சிதானே சம்மதிச்சயள்? இப்ப வேற இடம் ஏதும் பாக்கிறயளா?”

“ஐயோ இல்ல மச்சாள்.”

“மறுகா ஏன் வரல்ல?”

என்ன சொல்ல. உங்கள் மகன் என் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டான், அதனால் வீடு எழுதமாட்டேன் என்றா? தேத்தண்ணி குடிக்காமல் போனார். தயிர்ச் சட்டி மட்டும் இருக்கிறது.

யூன் 16, செவ்வாய்.

வேலை விட்டு வந்தால் கரண்ட் இல்லை. வியர்வை. சுபா சமையலறைக் கதவில் நின்றுகொண்டு:

“அம்மா, அவரப் பிடிக்கல்லயா உங்களுக்கு?”

“ஆர் சொன்ன?”

“அப்ப கோரைக்கா? ஒரு கோரைக்கா என்ட கலியாணத்த நிப்பாட்டுறீங்க?”

“உனக்குத் தெரியாதா அது ஆர் தந்த எண்டு?”

“தெரியும். பெரியம்மா தந்த. அவருக்குத் தெரியுமா? நீங்க ஆருக்கும் சொன்னீங்களா? நாலரை வருசம் பெரியம்மாட பேர இந்த வீட்டில எடுக்க விட்டீங்களா? நான் எடுத்தாலும் எழும்பிப் போயிருவீங்க. மறுகா அவர் எப்பிடி அறியுற?”

அழுதுகொண்டே போய் மாவை அரித்தாள். ஒரு மணி நேரம் அரித்தாள், அரித்த மாவையே திரும்பவும்.

சொல்லவில்லைதான். ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன், ஒரு முறை மட்டும்.

அந்தச் சனிக்கிழமை அக்கா ஜாம் போத்தலில் ஒரு தண்டோடு வந்தாள். குடைத்தலை போத்தலுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லாரும் கேட்டார்களாம், அதைப் பெருமையாகச் சொன்னாள். எனக்கு அந்த வாரம் ஒபிஸில் ஏதோ பிரச்சினை, என்ன பிரச்சினை என்று இப்போது ஞாபகம்கூட இல்லை. “கோரைய ஆரும் வளவுக்குள்ள கொண்டு வருவாங்களா? என்ட வேலை என்ன எண்டு தெரியாதா உனக்கு?” என்று விழுந்தேன். அவள் சிரித்தாள். தண்டை இலைக்குக் கீழே வெட்டி, தலையைக் குப்புறத் தண்ணீரில் அமிழ்த்தி வாளியில் வைத்தாள். இப்படி வைத்தால் வேர்விடும் என்றாள். எப்போது வந்தாலும் “இரவு நிண்டு போவன்கா” என்று மறிப்பேன். அன்றைக்கு மறிக்கவில்லை. பையில் மாற்றுச் சேலை மடித்து வைத்திருந்தாள், நான் பார்த்தேன். நிற்கத்தான் வந்திருக்கிறாள். நாலரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறு நாள் காலை கடல்.

பத்து நாளில் வாளிக்குள் வெள்ளை வேர். அதைக் காப்பாற்றி வைத்திருந்தால் மன்னிப்புக் கேட்ட மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் என் தோட்டக்கலை.

யூன் 17, புதன்.

அரை நாள் லீவு. நாவலடி போனேன். கடலுக்குப் பிறகு முதல் தடவை. பாலம் தாண்டும்போதே இறங்கிவிடலாமா என்று இரண்டு தரம் எழும்பி இருந்தேன். பக்கத்துச் சீட்டுப் பெண் “இறங்கப் போறீங்களா இல்லயா?” என்று சினந்தாள்.

அக்காவின் வளவைக் கண்டுபிடிக்கவே அரை மணி. கிணற்று வளையம் மட்டும் மணலுக்கு மேலே, உள்ளே மணல். அவள் குளியலறைத் தண்ணீர் ஓடும் கானோரம்தான் கோரை நின்றது. கான் எங்கே என்றே தெரியவில்லை. அடம்பன் கொடி, பிளாஸ்ரிக் போத்தல், ஒரு செருப்பு. பச்சையாக எதைக் கண்டாலும் ஓடிப்போய்ப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதுப் பெண் மணலில் புல்லுக்கு ஓடுகிறாள்.

ஒன்றும் இல்லை. வந்துவிட்டேன். கால் ஆணி இன்னும் மோசம்.

யூன் 18, வியாழன்.

தவராசா வந்தான். பந்தலுக்கென்று கொண்டுவந்து சாத்திய கம்பைத் திருப்பி எடுக்க. கல்யாணம் நடக்காது என்றே நினைத்துவிட்டான். கம்புகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“அத வையுங்க தம்பி. இரிங்க.”

நிலத்தில் இருந்தான். கதிரை இருக்க நிலத்தில். சொன்னேன். ஜாம் போத்தல், மாற்றுச் சேலை, எல்லாம். சத்தமாகத்தான் சொன்னேன், திட்டுகிற மாதிரி. “என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்று முடித்தேன். கேட்டவன்தான் அவன். பதில் சொல்லாமல் போனவள் நான். அதையும் சொன்னேன்.

கையிலிருந்த கயிற்றை நிலத்தில் வைத்தான். பிறகு,

“அவங்கட பேர் என்ன மாமி?”

“பூமணி.”

இந்த வீட்டில் சத்தமாகச் சொல்லி எத்தனை காலம். உள்ளே சுபா ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. எழும்பி, கட்டிய கம்பை அவிழ்த்துத் திரும்பச் சுவரில் சாத்திவிட்டுப் போனான்.

யூன் 19, வெள்ளி.

நொத்தாரிசிடம் பேசினேன். 24, புதன், ஒன்பது மணி. இனி காய்ச்சல் வராது என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

தயிர்ச் சட்டியைக் கழுவி வைத்தாயிற்று. வெறுமையாகக் கொடுக்கக்கூடாது. பயற்றம் பணியாரம் செய்து போட்டுக் கொடுக்கவேண்டும். மச்சாளுக்கு எப்படி முகம் கொடுப்பது என்று தெரியவில்லை.

பரிசோதகர் வந்தார். தொட்டி வெறுமையாக, வெள்ளையாக இருந்ததைப் பார்த்து மிகவும் பாராட்டினார். போய்ச் சேர்.

யூன் 21, ஞாயிறு.

காற்று கொஞ்சம் விட்டிருக்கிறது. காலையில் உடுப்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம். தவராசா, பின்னால் ஈரச் சாக்கு ஒன்று கட்டி. மூன்று சென்றியில் ஆமிக்காரர்கள் மறித்து அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார்களாம். புல்லுக்கு எதற்கு இவ்வளவு கட்டு என்று கேட்டார்களாம்.

நேரே தொட்டியடிக்குப் போனான். சுண்ணாம்பைத் தகரத்தால் சுரண்டினான், முழுக்க. மூன்று தரம் கழுவி ஊற்றினான். சேறு கொண்டுவந்திருந்தான், வயல் சேறு, அதைப் போட்டு மிதித்தான். பிறகு சாக்கை அவிழ்த்தான்.

வயல் கோரை. கிழங்கோடு. எங்கள் சுற்றறிக்கையின் முதல் பக்கத்தில் படம் போட்டிருக்கிற அதே சனியன்.

“தம்பி, இது அதில்ல.”

“தெரியும் மாமி. அதத் தேடி ஏறாவூர், செங்கலடி, சித்தாண்டி எல்லா இடமும் போனன். ஒரு இடமும் இல்ல. இதுதான் நம்மட்ட இரிக்கி.”

“இது தொட்டிக்குள்ள நிக்காது. வளவு முழுக்கப் போகும்.”

“போகட்டும். நான் இஞ்சதானே இரிக்கப் போறன்.”

ஒரு கிழங்கு ஒரு வருடத்தில் எத்தனையாகும் என்று நானே டைப் அடித்திருக்கிறேன். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். சுபா யன்னலில்.

முழந்தாளிட்டு ஒவ்வொன்றாக நட்டான், நாற்று நடுகிற மாதிரி, வரிசை பிடித்து. வெட்டு விழுந்த விரல்கள். நாலாவதை நட்டுச் சேற்றை அமத்திவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்பியவன், கை போன போக்கில் நட்டதைப் பிடுங்கி வேலிப் பக்கம் எறிந்தான். எறிந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. எழும்பிப் போய், குப்பைக்குள் தேடி, அதை எடுத்துக்கொண்டு வந்தான். சேற்றில் குழி தோண்டித் திரும்ப நட்டான்.